நாலு ஏக்கர், நாற்பது யோசனை: முதலில் யாரைக் கேட்பது?

கேள்வி: அப்பா காலமான பிறகு அவருடைய நாலு ஏக்கர் நிலம் என் பெயருக்கு வந்திருக்கிறது. நானும் கணவரும் நகரத்தில் வேலை பார்க்கிறோம். மாதம் இரண்டு மூன்று முறை போய்வர முடியும். ஒரு வட்டக் கிணறு இருக்கிறது. பாதி நிலத்தில் போன வருடம்வரை பயிர் நடந்தது, மீதி சில வருடங்களாகச் சும்மா கிடக்கிறது. விற்க மனமில்லை. சிறு நிலக்காரர்களுக்கு எத்தனையோ உதவிகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். ஒருவர் மரம் வை என்கிறார், ஒருவர் மாடு வாங்கு என்கிறார், இன்னொருவர் மானியத்தில் டிராக்டர் எடு என்கிறார். வீடியோ பார்த்துப் பார்த்துக் குழப்பம்தான் மிச்சம். பக்கத்து நிலத்துக்காரர் குத்தகைக்குக் கேட்கிறார். அலுவலகத்துக்குப் போனால் "உங்களுக்கு என்ன வேணும்?" என்கிறார்கள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– ஒரு வாசகி

பதில்:

உங்கள் கடிதத்தில் முக்கியமான வரி அந்த அலுவலக வரிதான். "என்ன வேணும்?" என்று கேட்டவர் உங்களை விரட்டவில்லை. அவரால் உண்மையிலேயே அதற்கு மேல் போக முடியாது. மண் எப்படி, தண்ணீர் எவ்வளவு, நீங்கள் எத்தனை நாள் அங்கே இருப்பீர்கள் என்று எதுவுமே தெரியாத ஒருவரிடம் கேட்டால், அவர் கையில் இருக்கும் திட்டத்தின் விண்ணப்பத்தைத்தான் நீட்டுவார். மரம், மாடு, டிராக்டர் என்று நீங்கள் கேட்ட யோசனைகளும் இதே ரகம். எல்லாம் பதில்கள். கேள்வி மட்டும் இன்னும் தயாராகவில்லை. அதை உங்கள் நிலத்தில் இருந்துதான் எடுக்க வேண்டும், அதற்குப் பெரிய செலவும் இல்லை.

நாலு ஏக்கர் கொஞ்சம்தானே என்ற கூச்சம் உங்கள் கடிதம் முழுக்கத் தெரிகிறது. அது வேண்டாம். உலகில் ஏறத்தாழ 60 கோடிப் பண்ணைகள் இருக்கின்றன, அவற்றில் நூற்றுக்கு 84, இரண்டு ஹெக்டேருக்கும் சிறியவை. உங்களுடையது 1.6 ஹெக்டேர். நீங்கள்தான் பெரும்பான்மை. ஆனால் எழுதப்படும் ஆலோசனைகளும் விற்கப்படும் இயந்திரங்களும் பெரும்பாலும் மீதி 16 பேரை மனதில் வைத்தே வருகின்றன. யோசனை கேட்கும்போதெல்லாம் "இது எத்தனை ஏக்கருக்குக் கட்டுப்படியாகும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பாதி யோசனைகள் அங்கேயே உதிர்ந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியவர் வேளாண் ஆலோசகரே அல்ல. நில அளவரும் வக்கீலும்தான். பத்திரத்தில் உள்ள பரப்பும் தரையில் உள்ள பரப்பும் ஒன்றா, எல்லைக் கற்கள் இருக்கின்றனவா, நிலத்தின் மேல் பழைய கடன் ஏதாவது நிற்கிறதா, வேறு வாரிசுகளின் சம்மதம் எழுத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இவை எல்லோரும் சொல்வதுதான். சொல்லாமல் விடுவது பாதை. உங்கள் நிலத்துக்குப் போகும் வழி இன்னொருவர் நிலத்தின் வழியாக, அப்பாவின் முகத்துக்காக விடப்பட்டதாக இருக்கலாம். அறுவடை வண்டி உள்ளே வர வேண்டிய நாளில்தான் அது பிரச்சினையாகும். வழியுரிமையும், வாய்க்கால் தண்ணீரில் பங்கு இருந்தால் அதுவும், எழுத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள். கிணறு கூட்டுக் கிணறா என்பதும் அதே பட்டியலில் வரும். இன்னொன்று: எந்த விண்ணப்பமானாலும் உங்கள் பெயரிலேயே போடுங்கள். உலக அளவில் நிலம் கையில் உள்ளவர்களில் பெண்கள் 15 சதவீதத்துக்கும் குறைவு என்பது ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு சொல்லும் கணக்கு. இதைச் சரிசெய்யவே பல நாடுகளில் பெண்களுக்கு முன்னுரிமை வைத்திருக்கிறார்கள். வசதிக்காகக் கணவர் பெயரில் போட்டால், பத்திரம் ஒரு பெயர், விண்ணப்பம் ஒரு பெயர் என்று இரண்டும் கெட்டானாகும்.

அடுத்து, குத்தகை கேட்கும் அந்தப் பக்கத்து நிலத்துக்காரர். அவருக்குப் பதில் சொல்வதைத் தள்ளிப்போடுங்கள், ஆனால் அவரோடு ஒரு மாலை நடந்துவிட்டு வாருங்கள். மூன்று விஷயம் கேளுங்கள். மழையில் எந்த மூலையில் தண்ணீர் தேங்கும்? கிணறு கடைசியாக எந்த வருடம் வற்றியது? அப்பா எந்தப் பயிரைப் போட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினார், ஏன்? மூன்றாவது கேள்விக்கு எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதில் கிடையாது. நிலத்தைக் கேட்பவர் அதன் குறையைச் சற்றுக் கூட்டித்தான் சொல்வார், அதனால் ஊரில் இன்னும் இரண்டு பேரிடமும் இதையே கேளுங்கள். மூன்று பேரும் ஒரே மூலையைக் காட்டினால் அது உண்மை.

இப்போது மண். மண் பரிசோதனை செய்யுங்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள், மாதிரி எடுப்பதைத்தான் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. ஆய்வகம் கையில் எடுத்துச் சோதிப்பது சில கிராம் மண். அந்தச் சில கிராம்தான் உங்கள் ஏக்கர் கணக்கான நிலத்துக்குச் சாட்சி சொல்லப் போகிறது. வாசலுக்குப் பக்கத்தில் ஒரு கைப்பிடி அள்ளிக்கொண்டு போனால் அறிக்கை வரும், ஆனால் அது உங்கள் நிலத்தைப் பற்றியதாக இருக்காது.

உங்களுக்குக் குறைந்தது இரண்டு மாதிரி தேவை: பயிர் நடந்த பாதிக்கு ஒன்று, தரிசாகக் கிடந்த பாதிக்கு ஒன்று. மண்ணின் நிறமோ சரிவோ மாறும் இடம் இருந்தால் அதற்குத் தனியாக இன்னொன்று. ஒவ்வொரு பகுதியிலும் குறுக்கும் நெடுக்குமாக நடந்து பத்துப் பதினைந்து இடம் தேர்ந்தெடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குழி கிடந்த இடம், வாய்க்கால் ஓரம், எப்போதும் தண்ணீர் தேங்கும் பள்ளம் இவற்றை விட்டுவிடுங்கள். இலை தழை, புல்லை மேலாக ஒதுக்குங்கள், மண்ணைச் சுரண்டி எடுத்துவிடாதீர்கள். மண்வெட்டியால் 15 செ.மீ. ஆழத்துக்கும் சற்றுக் கூட, ஆங்கில 'வி' எழுத்து மாதிரி குழி வெட்டி, அந்த மண்ணை அப்புறப்படுத்துங்கள். பிறகு குழியின் ஒரு பக்கச் சுவரில், மேலிருந்து 15 செ.மீ. ஆழம்வரை, இரண்டு விரல்கடைத் தடிமனில் ஒரே சீராக ஒரு பட்டை செதுக்கி எடுங்கள். அதுதான் மாதிரி. சுவரின் மேல் பாகம் அதிகமாகவும் கீழ் பாகம் குறைவாகவும் வந்துவிடக் கூடாது, ஏனென்றால் சத்து மேலே சேர்ந்து கிடக்கும்.

பிளாஸ்டிக் வாளியில் சேருங்கள். தகர வாளி வேண்டாம். துத்தநாக முலாம் பூசிய வாளியில் இருந்து மண்ணுக்குத் துத்தநாகம் ஒட்டும், நுண்ணூட்ட அறிக்கையில் "துத்தநாகம் போதுமான அளவு" என்று பொய்யாக வந்து நிற்கும். பத்துப் பதினைந்து பட்டைகளையும் சுத்தமான சாக்கில் கொட்டி, கட்டிகளை உடைத்து, கல், வேர் பொறுக்கி, நன்றாகக் கலந்து வட்டமாகப் பரப்புங்கள். நாலு பங்காக்கி எதிரெதிர் இரண்டு பங்கைத் தள்ளுங்கள். மீதியைத் திரும்பக் கலந்து திரும்ப நாலாக்குங்கள். அரைக் கிலோ வரும்வரை இதுதான் வேலை. நிழலில் உலர்த்திப் பையில் போட்டு, எந்தப் பகுதி, என்ன தேதி, கடைசியாக என்ன பயிர் என்று எழுதிய சீட்டை வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், ஈரத்தில் மை கலைந்துவிடும். மரம் வைக்கும் எண்ணம் உண்மையிலேயே இருந்தால், 30, 60, 90 செ.மீ. ஆழத்தில் தனித்தனியாகவும் மாதிரி எடுக்க வேண்டும். மேல் மண் பஞ்சு மாதிரி இருந்து, அடியில் பாறையோ சுண்ணாம்புப் படிவமோ இருந்தால், மூன்றாம் வருடம் மரம் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். உரம் போட்ட கையோடு மாதிரி எடுக்காதீர்கள், அறுவடை முடிந்த காலம்தான் நல்லது.

அறிக்கை வந்ததும் எல்லோரும் தழை, மணி, சாம்பல் சத்து எண்களுக்குத்தான் போவார்கள். நீங்கள் முதலில் கார அமில நிலையை (pH) பாருங்கள். ஆறுக்கும் ஏழரைக்கும் இடையில் இருந்தால் நிம்மதி. ஐந்தரைக்குக் கீழே போனால் மண்ணில் உள்ள அலுமினியம் கரைந்து வேரைக் கருக்கும். எட்டுக்கு மேலே போனால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்குக் கிடைக்காது. இரண்டு நிலையிலும் மணிச்சத்து மண்ணோடு கட்டுண்டுபோகும். அதைச் சரிசெய்யாமல் உர மூட்டை வாங்குவது பூட்டிய வீட்டு வாசலில் சாமான் இறக்குவது மாதிரி. அப்புறம் அங்ககக் கரிமம், அதாவது மக்கிய இலை தழையில் இருந்து மண்ணில் சேர்ந்த கரிமம். சில ஆய்வகங்கள் கரிமம் என்று தரும், சில அங்ககப் பொருள் என்று தரும். கரிமத்தை 1.72 ஆல் பெருக்கினால் அங்ககப் பொருள், அவ்வளவுதான் வித்தியாசம். தெரியாமல் இரண்டு அறிக்கையை ஒப்பிட்டு "மண் மேம்பட்டுவிட்டது" என்று சந்தோஷப்படுபவர்கள் உண்டு. மணிச்சத்தை அளக்கும் முறைகளும் ஒன்றல்ல. காரத்தன்மை உள்ள மண்ணுக்கு ஆல்சன் முறை, அமில மண்ணுக்கு பிரே முறை. இரண்டின் எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாது. அறிக்கையில் முறையின் பெயரும் இருக்கட்டும், அடுத்த முறையும் அதே ஆய்வகத்துக்கே அனுப்புங்கள்.

மண்ணைவிட எனக்குக் கவலை உங்கள் தண்ணீர். வறட்சியான மாதத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள். கயிற்றில் கல்லைக் கட்டி நீர்மட்டத்தைக் குறித்துக்கொண்டு மோட்டாரைப் போடுங்கள். மட்டம் ஒரு மீட்டர் இறங்கியதும் நிறுத்திவிட்டு, அது பழையபடி ஏற எத்தனை மணி நேரம் ஆகிறது என்று பாருங்கள். கிணற்றின் குறுக்களவு ஐந்து மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் ஏற்றம் என்றால் ஏறத்தாழ 19,600 லிட்டர் ஊறியிருக்கிறது. இனிப் பயிரின் பக்கம் வாருங்கள். வெயில் காலத்தில் பயிர் ஒரு நாளைக்கு 5 மி.மீ. தண்ணீர் குடிக்கிறது என்று கொண்டால், ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டருக்குச் சற்று மேலே. அதாவது ஒரு நாளில் ஒரு மீட்டர் ஊறும் கிணறு, கோடையில் ஒரே ஒரு ஏக்கரைத்தான் தாங்கும். சொட்டு நீர் போட்டால் வீணாவது குறையும், பயிரின் தாகம் குறையாது. நாலு ஏக்கர் கணக்கு அந்த இடத்தில் ஒரு ஏக்கர் தோட்டம், மூன்று ஏக்கர் மானாவாரி என்று ஆகிவிடும். உங்கள் கிணற்றின் எண்ணைப் போட்டு நீங்களே கணக்குப் பாருங்கள். என்ன செய்யலாம் என்ற கேள்வியில் முக்கால்வாசி அங்கேயே தீர்ந்துவிடும்.

அதே நாளில் தண்ணீர் மாதிரியும் எடுத்துவிடுங்கள். மோட்டார் அரை மணி நேரமாவது ஓடியபின், அதே தண்ணீரால் பாட்டிலைக் கழுவி, காற்று இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். ஆய்வகத்தில் மின்கடத்துத் திறனைப் பார்ப்பார்கள், தண்ணீரில் உப்பு கூடக்கூட அதுவும் கூடும். உணவு வேளாண் அமைப்பின் பாசன வழிகாட்டி, மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்கு (dS/m) கீழே கவலையில்லை, 3க்கு மேலே கடுமையான கட்டுப்பாடு தேவை என்கிறது. இடையில் இருந்தால் பயிரைப் பார்த்துத் தேர்வு செய்ய வேண்டும். இடைப்பட்ட தண்ணீரை "பரவாயில்லை" என்று விட்டுவிடக் கூடாது. மின்கடத்துத் திறன் 1 உள்ள தண்ணீரில் லிட்டருக்கு 640 மில்லிகிராம் உப்பு இருக்கும். அந்தத் தண்ணீரை ஒரு ஏக்கருக்கு 100 மி.மீ. பாய்ச்சினால், கூடவே 260 கிலோ உப்பையும் கொட்டுகிறீர்கள். நல்ல மழை வந்து அலசி, வடிகால் வழியே வெளியேறினால் சரி. வடிகால் இல்லாவிட்டால் அது அங்கேயேதான் இருக்கும். பக்கத்து நிலத்துக்காரர் தேங்கும் மூலையைக் காட்டியபோது, அந்த மண் உலர்ந்தால் வெளுத்துப் போகிறதா என்றும் கேட்டிருக்கலாம். அடுத்த முறை கேளுங்கள்.

மழை நேரத்தில் நிலத்துக்குப் போங்கள் என்றால் எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் ஒரு பலத்த மழையில் குடையோடு ஒரு சுற்று வந்தால், எங்கிருந்து நீர் உள்ளே வருகிறது, எந்த வரப்பு உடைகிறது, எங்கே மண்ணோடு கலங்கி வெளியேறுகிறது என்று கண்ணால் பார்த்துவிடலாம். மண் அரிக்காமல் நீர் நின்று போக எங்கே தடுப்பு போடலாம் என்பதற்கு அதைவிட நல்ல வரைபடம் இல்லை. பார்த்ததைத் தாளில் கோடுகளாகக் கிறுக்கி வையுங்கள். ஒரு மழைமானியும் வையுங்கள். பக்கம் நேராக இருக்கும் எந்தப் பாத்திரமும் போதும். அங்கே குடியிருக்கும் யாராவது தினம் காலை ஒரே நேரத்தில் பார்த்து எழுதினால் சரி. ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு ஏக்கரில் 4,047 லிட்டர்.

வீடியோ பார்த்துக் குழம்பியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் பாதியைச் செயற்கைக்கோள் படங்களுக்குக் கொடுக்கலாம். ஐரோப்பிய விண்வெளி முகமையின் சென்டினல் 2 செயற்கைக்கோள்கள் 2015 முதல் படம் எடுக்கின்றன, யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். அமெரிக்காவின் லேண்ட்சாட் படங்கள் 1972 முதல் இருக்கின்றன, 2008 முதல் இலவசம். சென்டினல் படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டருக்கு 10 மீட்டர், அதனால் உங்கள் நாலு ஏக்கர் ஏறத்தாழ 160 புள்ளிகளாகத் தெரியும். கடந்த சில வருடங்களின் வறண்ட மாதப் படங்களை வரிசையாகப் பாருங்கள். எப்போதும் கடைசிவரை பச்சையாக நிற்கும் பகுதி எது, முதலில் வெளுக்கும் பகுதி எது என்று தெரியும். ஈரம் நிற்கும் இடத்தை அது காட்டிக்கொடுக்கும். மாதிரி எடுக்கப் பகுதி பிரிக்கவும் இதுவே உதவும்.

ஆனால் இணையத்தில் கிடைக்கும் எல்லா வரைபடத்தையும் இப்படி நம்ப முடியாது. சாயில்கிரிட்ஸ் என்று உலகம் முழுக்க மண்ணின் தன்மையைக் காட்டும் இலவச வரைபடம் ஒன்று இருக்கிறது, நெதர்லாந்தில் உள்ள உலக மண் தகவல் மையம் வெளியிடுவது. நல்ல வேலைதான், ஆனால் அதில் ஒரு கட்டம் 250 மீட்டர். ஒரு கட்டத்துக்குள் 15 ஏக்கர் அடங்கும். உங்கள் நிலமும் பக்கத்து மூன்று பேர் நிலமும் சேர்ந்து ஒரே எண். வட்டாரத்தைப் புரிந்துகொள்ள அதைப் பாருங்கள், உரம் போட அதை நம்பாதீர்கள். நாசாவின் பவர் தளத்தில் 1981 முதல் வெப்பமும் 1984 முதல் வெயிலும் கிடைக்கும், அதுவும் வட்டாரத்துக்கான எண்தான். செடியைப் படம் பிடித்தால் பெயர் சொல்லும் ப்ளான்ட்நெட் செயலி தரிசில் என்னென்ன களை என்று அடையாளம் காண நன்றாக உதவும். நோயைச் செயலியிடம் கேட்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. சத்துக் குறைவும் வைரஸும் வேரழுகலும் இலையில் ஒரே மஞ்சளாகத்தான் தெரியும்.

நோய்க்கு ஆளைப் பார்ப்பதுதான் சரி. கேபி (CABI) என்ற சர்வதேச வேளாண் அமைப்பு ப்ளான்ட்வைஸ் என்ற பெயரில் பல நாடுகளில் பயிர் மருத்துவ முகாம்களைத் தொடங்கி வைத்தது. சந்தை மாதிரி மக்கள் கூடும் இடத்தில் மேசை போட்டு உட்கார்ந்து, கொண்டுவரும் செடியைப் பார்த்துச் சொல்வார்கள். உங்கள் வட்டாரத்தில் அப்படி இல்லாவிட்டாலும் வேளாண் விரிவாக்க அலுவலரிடமோ ஆராய்ச்சி நிலையத்திடமோ இதே வேலைக்குப் போகலாம். எங்கே போனாலும் செத்துக் காய்ந்த செடியைக் கொண்டுபோகாதீர்கள், அதில் நோயைப் பிடிக்க முடியாது. பாதி வாடிய செடியை வேரோடும் மண்ணோடும் தோண்டி, காகிதத்தில் சுற்றி அன்றே கொண்டுபோங்கள். பிளாஸ்டிக்கில் வைத்தால் வழியிலேயே அழுகிவிடும். கூடவே நன்றாக இருக்கும் செடி ஒன்றும் போகட்டும்.

ஆலோசனை சொல்பவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. விரிவாக்க அலுவலர், ஆராய்ச்சி நிலைய விஞ்ஞானி, தனியார் ஆலோசகர், உரக்கடைக்காரர், நிறுவனப் பிரதிநிதி என்று எல்லோருமே உங்களுக்கு உதவியாக இருக்கலாம். ஒவ்வொருவரிடமும் மனதுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டியது, இவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்பது. பொருளை விற்பவர் சொல்வது தப்பு என்று அர்த்தமில்லை, சில நேரம் அவருக்குத்தான் அந்த வட்டாரத்தின் பூச்சிகளை நன்றாகத் தெரியும். ஆனால் எதையும் வாங்க வேண்டாம் என்று அவர் சொல்ல மாட்டார். யார் எதைப் போடச் சொன்னாலும் நடுவில் ஒரு பாத்தியைப் போடாமல் விடுங்கள். அறுவடையில் அந்தப் பாத்தியைத் தனியாக எடை போட்டால் அடுத்த வருடம் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்த யோசனையைச் சொன்னதும் முகம் சுளிப்பவரிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள்.

விவசாயிகள் கூடிக் கற்கும் வயல்வெளிப் பள்ளி உங்கள் பக்கத்தில் நடந்தால், எல்லா வகுப்புக்கும் போக முடியாவிட்டாலும் சேருங்கள். 1989இல் இந்தோனேசியாவில் நெல் வயலில் உணவு வேளாண் அமைப்பு தொடங்கியது இது. பூச்சிமருந்து அடிக்க அடிக்கப் புகையான் என்ற நெற்பூச்சி கூடிக்கொண்டே போனது, காரணம் மருந்து அதைத் தின்னும் சிலந்தியையும் சேர்த்துக் கொன்றது. இதைப் பேச்சில் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று, இருபத்தைந்து பேரை வாராவாரம் வயலுக்குள் இறக்கி, பூச்சிகளை எண்ண வைத்தார்கள். இப்போது 90க்கும் மேற்பட்ட நாடுகளில் இந்த முறை இருக்கிறது. பாடத்தைவிட அங்கே கிடைக்கும் ஆட்கள்தான் உங்களுக்குப் பெரிது. நீங்கள் இல்லாத நாளில் கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போவது அவர்களில் ஒருவராகத்தான் இருக்கும்.

மானியம், டிராக்டர். பல இடங்களில் மானியம் என்பது நீங்கள் முதலில் செலவழித்து, அவர்கள் வந்து பார்த்து, பிறகு திரும்ப வரும் பணம். நடுவில் உள்ள மாதங்களுக்குக் கடன் வாங்கினால் வட்டி உங்களுடையது. சில திட்டங்களில் பொருளை இத்தனை வருடம் விற்கக் கூடாது என்ற நிபந்தனையும் இருக்கும். விண்ணப்பத்துக்கு முன் வாங்கிய பொருளுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. அதனால் "மானியம் இல்லாவிட்டாலும் இதை வாங்குவேனா?" என்று கேட்டுப் பாருங்கள். சொட்டு நீருக்கு உங்கள் பதில் 'ஆமாம்' என்று வரலாம். டிராக்டருக்கு வராது. நாலு ஏக்கருக்கு வருடத்தில் அது ஓடும் மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்கள், வாடகைக்கு எடுத்தால் மீதி நாட்களில் அது துருப்பிடிப்பது யார் வீட்டிலோ நடக்கும்.

மாடு வேண்டாம். மாதம் மூன்று முறை வருபவருக்கு மாடு கிடையாது, அதில் பேச ஒன்றுமில்லை. மரம் யோசிக்கலாம், அதுவும் ஆழ மண் அறிக்கையும் கிணற்றுக் கணக்கும் வந்தபிறகு. முதல் இரண்டு மூன்று கோடைக்குக் கன்றுகளுக்கு யார் தண்ணீர் விடுவார்கள், வளர்ந்த மரத்தை வெட்டவும் எடுத்துச் செல்லவும் அனுமதி வேண்டுமா என்ற இரண்டையும் நடும் முன்பே கேட்டுவிடுங்கள். தரிசை அவசரப்பட்டு உழாதீர்கள். சும்மா கிடந்த வருடங்களில் அதில் கொஞ்சம் கரிமம் சேர்ந்திருக்கும், மழைக்கு முன் ஆழ உழுதுபோட்டால் அது சரிவோடு போய்விடும். அறிக்கைக்குப் பிறகு, மழையை ஒட்டிப் பயறு வகைப் பசுந்தாள் ஒன்றை விதைத்து, பூக்கும் தறுவாயில் மடக்கி உழுவது நல்ல தொடக்கம்.

இனிக் குத்தகை. என் கருத்து, ஏற்கெனவே பயிர் நடந்த பாதியை ஒரு வருடத்துக்கு மட்டும் அவருக்குக் கொடுங்கள், எழுத்தில். நிலம் சும்மா கிடக்காது, நீங்களும் ஒரு முழு வருடம் மண்ணையும் மழையையும் கவனிக்கலாம். ஒப்பந்தத்தில் பரப்பும் எல்லையும், தொடங்கும் நாளும் முடியும் நாளும், நிற்கும் பயிர் முடிவுத் தேதியைத் தாண்டினால் என்ன செய்வது என்பதும் இருக்க வேண்டும். மேல்மண் எடுக்கக் கூடாது, மரம் நடக் கூடாது, கிணற்றை ஆழப்படுத்தக் கூடாது, உள்குத்தகை விடக் கூடாது. கிணற்றுத் தண்ணீரை அவருடைய சொந்த நிலத்துக்குக் கொண்டுபோகலாமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மனக்கசப்பு வருவது பெரும்பாலும் அதில்தான். சில நாடுகளில் குத்தகைதாரருக்குச் சட்டத்தில் வலுவான உரிமை உண்டு, வாய்மொழிக் குத்தகையே வருடக்கணக்கில் நீண்டுவிட்டால் திரும்பப் பெறுவது சிரமம். அதனால் கையெழுத்துக்கு முன் அந்த வக்கீலிடமே காட்டுங்கள். தரிசுப் பாதியை உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

இதெல்லாம் ஆனபிறகு அதே அலுவலகத்துக்குத் திரும்பப் போங்கள். இந்த முறை இப்படிக் கேளுங்கள்: "எனக்கு நாலு ஏக்கர். கோடையில் கிணறு ஒரு நாளைக்கு இவ்வளவு லிட்டர் ஊறுகிறது, தண்ணீரின் உப்பு இவ்வளவு. தரிசுப் பாதியின் மண் அறிக்கை இது. மாதம் மூன்று முறைதான் வருவேன், தினமும் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார். ஒரு ஏக்கருக்குப் பாசனம் அமைக்கவும், மீதியில் மழைநீரை நிறுத்தவும் என்ன உதவி இருக்கிறது?" பதில் சொல்பவரின் பெயரையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், கடைசித் தேதி எப்போது என்றும் கேளுங்கள். அவர் உங்களோடு நிலத்துக்கு வர ஒப்புக்கொண்டால் மற்ற வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டுப் போங்கள்.

மண், தண்ணீர் அறிக்கைகள் கைக்கு வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். எண்கள் மட்டும் போதாது, எந்த முறையில் அளந்தார்கள் என்ற வரியும் படத்தில் விழுகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள். பயிர் தேர்வைப் பற்றி அப்போது பேசுவோம்.